முப்பத்தொன்பதாம் வருஷத்து ரூபாய்

வெள்ளி ரூபாயை விரல் நுனியில் நிறுத்தி, அதன் விளிம்பை இன்னொரு ரூபாயால் மெல்லத் தட்டினால் ஒரு சத்தம் வரும். கோயில் மணியைப் போல் பெரிதாக இல்லாமல், கொலுசைப் போல் சிதறியும் போகாமல், ஒற்றை இழையாக நீண்டு காதுக்குள் போய் அடங்கும். வில்லியனூர் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்த முதலாளியை எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் மதியத்தில் கூட்டம் ஓய்ந்ததும் இழுப்பறையைத் திறந்து அப்படித் தட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். பிளஸ் டூ முடித்த கையோடு நான் அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இருமல் மருந்தும் இன்சுலினும் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே அந்தச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது.

அண்ணன் கெட்டிக் கை என்று ஊரெல்லாம் பேர். மாத்திரை வாங்கினால் காகித உறைதான். பிளாஸ்டிக் பை கேட்டால் அதற்குத் தனிக் காசு. நான் கால்மணி நேரம் தாமதமாக வந்தால் மாசக் கடைசியில் அதற்கும் ஒரு கழித்தல் இருக்கும். டீகூட வீட்டிலிருந்து பிளாஸ்கில் வரும். அப்படிப்பட்டவர் செலவழித்தது ஒன்றுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாகூர், நெட்டப்பாக்கம் என்று நகைக்கடைகளையும் பழைய பாத்திரக் கடைகளையும் சுற்றி, உருக்குவதற்கு வந்திருக்கும் வெள்ளிக் காசுகளைப் பார்ப்பார். பிடித்ததை எடை விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்து வாங்கி வருவார். கடல் கடந்து சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய அவருடைய அப்பா கொண்டுவந்த பெரிய வெள்ளிக் காசுகள் சில அவரிடம் இருந்தன. “சைகோன் காசு” என்பார். அவற்றை மட்டும் யார் கையிலும் கொடுக்கமாட்டார். தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார்.

ஒருநாள் இரண்டு ரூபாய்களைத் தட்டிக் காட்டினார். ஒன்று நன்றாக ஒலித்தது. மற்றது சற்று மந்தமாக.

“இது நாப்பதாம் வருஷத்துது. அதே ராஜா தலை, அதே எழுத்து, அதே எடை. ஆனா உள்ள பாதிதான் வெள்ளி. சண்டைக் காலம் இல்லியா, வெள்ளியக் கொறச்சிட்டான் வெள்ளக்காரன். ரெண்டுக்கும் அரிசிக்கடையில ஒரே அரிசிதான் அளந்து போட்டான். இன்னாத்துக்குப் போட்டான், சொல்லு?”

அவருக்கே அது தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். பதில் தெரிந்து கேட்பவரின் முகமாக அது இல்லை. தலைவலி மாத்திரை கேட்டு ஆள் வந்ததும் இழுப்பறையை மூடிவிட்டார்.

அந்த வருஷம் எனக்குத் தனியார் கல்லூரி ஒன்றில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. கூடவே அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம் இடமும் கிடைத்திருந்தது. பி.காமுக்குச் செலவில்லை. நர்சிங்குக்கு முதல் வருஷக் கட்டணம், விடுதி, சீருடை என்று எங்கள் வீடு பார்த்தே இராத தொகை வேண்டும். அப்பா இல்லை. அம்மா அபிஷேகப்பாக்கம் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தாள். நான் பி.காம் என்றே முடிவு செய்துவிட்டேன். அம்மாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் ஒரு நர்ஸம்மா அவளை உட்காரவைத்து, என்ன வியாதி, என்ன மருந்து என்று பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை யாரும் அவளிடம் எதையும் விளக்கியதில்லையாம். அந்த அம்மாவைப் போல நான் ஆகவேண்டும் என்பது அவள் ஆசை.

ஒரு மதியம் அம்மா கடைக்கு வந்தாள். காலில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. கடைக்குள் ஏறாமல் படியிலேயே நின்று, முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில வெள்ளி ரூபாய்களை மேசைமேல் வைத்தாள். கல்யாணத்தின்போது அவளுடைய அப்பா கொடுத்தவை அவை. நகைக்கடையில் எடை போட்டு ஒரு விலை சொல்லியிருந்தார்கள்.

“சார், நீ காசு சேக்கறவராமே. எம்பொண்ணு சொல்லிச்சு. அவன் குடுக்கறதுக்கு மேல கொஞ்சம் போட்டுக் குடு சார்.”

அண்ணன் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பலவற்றில் மாலையில் கோப்பதற்காகக் கொக்கி பற்றவைத்த தழும்பு இருந்தது. கடைசிக் காசை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு உருப்பெருக்கியை எடுத்தார். அவருடைய நெற்றியில் வியர்வை துளிர்த்ததை நான் பார்த்தேன். பிறகு, சாப்பாட்டு நேரத்தில்கூடப் பாதிக் கதவைத் திறந்து வைத்திருக்கும் மனிதர், அம்மாவை உள்ளே வரச்சொல்லி ஷட்டரை இறக்கினார்.

“அம்மா, இதப் போயி எடைக்குப் போடப் பாத்தீங்களே. இது முப்பத்தொம்பதாம் வருஷத்து ரூபா. இருக்கறதே கொஞ்சந்தான். நெசமா இருந்தா லட்சக்கணக்குல போவும்.”

அம்மா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “இன்னா சார், நக்கலா? ஒரு ரூபா எப்பிடி லட்ச ரூபா ஆவும்? இதுவும் அதே வெள்ளிதான?”

“அதே வெள்ளிதாம்மா.”

“அப்புறம்?”

“வேணும்னு நெனக்கிறவன் நெறய பேரு. காசு கொஞ்சந்தான் இருக்கு. அவ்ளோதான்.”

அம்மாவுக்கு அது ஏமாற்று வேலை போலவே பட்டது. வீட்டுக்கு வந்து, “உன் மொதலாளி நல்லவருதான? இதுல என்னாவோ இருக்குடி” என்றாள். எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. அந்த ஒரு ரூபாயைத் தேடித்தான் அவர் இத்தனை வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்திருக்கிறார். எடை விலைக்கு மேல் கொஞ்சம் போட்டுக் கொடுத்திருந்தால் அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பாள். அந்தக் காசு அவருடைய இழுப்பறைக்கு வந்திருக்கும். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. வாயைத் திறந்து உண்மையைச் சொன்ன நொடியிலேயே அது அவரால் வாங்க முடியாத காசாகிவிட்டது.

அண்ணனின் பேச்சை நம்பி நாங்கள் நர்சிங் இடத்தை ஏற்றுக்கொண்டோம். பி.காம் சேர்க்கைக்கான கடைசி நாள் அந்த வாரமே வந்தது. “நர்சிங்தான்னு ஆயிடிச்சே, அத விட்டுடலாமா சார்?” என்று அம்மா அவரிடமே கேட்டாள். “விடுங்கம்மா” என்றார். விட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சென்னைக்குப் பஸ் ஏறினோம். பழைய நாணயங்களைப் பார்த்துச் சொல்லும் பெரியவர் ஒருவரை அண்ணனுக்குத் தெரியும். மாடி வீடு. அம்மா அந்த வீட்டு நாற்காலியில் உட்காரவில்லை. உட்காரச் சொல்லி எல்லாரும் வற்புறுத்திய பிறகு நுனியில் உட்கார்ந்தாள். பெரியவர் காசை விளக்குக்குக் கீழே இப்படியும் அப்படியும் சாய்த்தார். பிறகு அண்ணனை அருகில் அழைத்து லென்ஸைக் கொடுத்தார்.

“போலி இல்ல. நல்ல காசுதான். ஆனா இந்தக் கடைசி எண்ணைப் பாருங்க. கீழ் வளையத்துல இடது ஓரம் சுரண்டப்பட்டிருக்கு. வெள்ளிதானான்னு பாக்க எந்தத் தட்டானோ எப்பவோ சுரண்டியிருக்கான். இது எட்டு. ஒன்பது மாதிரி தெரியுது.”

முப்பத்தெட்டாம் வருஷத்துக் காசு எடைக்கு மேல் பெரிதாகப் போகாது. அண்ணன் வெகுநேரம் லென்ஸை எடுக்காமலே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாத விஷயமில்லை அது. எட்டை ஒன்பதாக மாற்றி ஏமாற்றுவார்கள் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. அது எங்கள்மேல் வைத்த ஆசையா, அந்தக் காசின்மேல் வைத்த ஆசையா என்று இன்றுவரை நான் பிரித்துப் பார்த்ததில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் எங்களுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்துகொண்டார். காலையில் அண்ணி கட்டிக்கொடுத்த புளிசாதப் பொட்டலம் மடியில் பிரிக்கப்படாமல் இருந்தது. மரக்காணம் தாண்டியதும் அம்மா முன்னால் குனிந்து சொன்னாள்: “சார், சாப்புடு சார். நீ இன்னா பண்ணுவ? எவனோ எப்பவோ சுரண்டுனது. அடுத்த வருசம் பாத்துக்கலாம்.” அவர் திரும்பவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். இரண்டு இடமும் போய் வேலையோடு நின்றுவிட்டால், அடுத்த வருஷம் என்று ஒன்று எனக்கு இல்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

சில நாட்கள் கழித்து அண்ணனே எங்கள் வீட்டுக்கு வந்தார். கல்லூரியில் பணம் கட்டிவிட்டதாகச் சொன்னார். அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ கோபமாக இருந்தாள்.

“நாங்க கேட்டமா சார்? கூலி வேல செய்யறோம். கை நீட்டி வாங்கறது எங்களுக்குப் பழக்கமில்ல.”

“தருமம் பண்ண வரலம்மா. நாந்தான ஒம்பதுன்னு சொன்னன்? நாந்தான அந்தக் காலேஜ விடுங்கன்னு சொன்னன்? எவன் மருந்துச் சீட்டு எடுத்துக்கினு வந்தாலும் நான் எடுத்துக் குடுக்கற மாத்திரைய என்னா ஏதுன்னு கேக்காம முழுங்கறான். எதுக்கு? நான் சொன்னா சரியா இருக்கும்னுதான. என் வாயில வந்ததுக்கு வெல இல்லன்னு ஆயிட்டா, அப்புறம் எனக்கு எதுக்கும்மா கடை?”

அந்தப் பேச்சு அம்மாவுக்குப் புரிந்தது. சொன்ன நாளுக்கு நடவுக்குப் போகாமல் அவள் ஒருநாளும் இருந்ததில்லை. உள்ளே போய் அந்த வெள்ளி ரூபாய்களை எல்லாம் எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். “இதக் கழிச்சுக்கோ. மிச்சத்துக்கு எம்பொண்ணு லீவு உட்டப்பல்லாம் வந்து கடையில நிக்கும். சம்மதம்னா சரி.” அவர் சம்மதித்தார். சம்மதித்தது மட்டுமில்லை, மறுநாள் நகைக்கடையில் அன்றைய வெள்ளி விலையைக் கேட்டு, எடை போட்டு, ஒரு ரூபாய் கூட்டாமல் குறைக்காமல் கழித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அம்மா அவரை முழுதாக நம்பினாள்.

கட்டணத்துக்கு அவர் விற்றது சைகோன் காசுகளை. வாங்கிக்கொண்டவர் அந்தச் சென்னைப் பெரியவர்தான். இதை எனக்குச் சொன்னது அண்ணி. விடுதிக்குக் கிளம்புவதற்கு முன் என்னை வீட்டுக்கு வரச்சொல்லியிருந்தார். மழை பெய்து ஓய்ந்த நாள். கூடத்துக் கூரையிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பிடிக்க ஒரு வாளி வைத்திருந்தது.

“எம்பொண்ணு கல்யாணத்துல ஒரு சங்கிலி கொறஞ்சிது. அப்பக்கூட அந்தக் காச எடுக்கல இந்த மனுசன். இந்த ஒழுவுற கூரைக்கும் எடுக்கல. உனக்கு எடுத்தாரு. எனக்குக் கோவந்தான், மறைக்க மாட்டேன். உம்மேல இல்ல, போ.”

சொல்லிவிட்டு உள்ளே போய், கல்யாணமாகிப் போன மகளின் பெட்டியைத் துடைத்து எடுத்துவந்தார். அதற்குள் இரண்டு படுக்கை விரிப்பு, ஒரு சோப்பு டப்பா, கொஞ்சம் முறுக்கு. அண்ணனுக்கு நன்றி சொல்ல எனக்கு எப்போதும் வார்த்தை கிடைத்திருக்கிறது. கோபத்தோடும் கொடுத்த அந்த அண்ணிக்குத்தான் இன்னும் சொல்லித் தீரவில்லை. கொடுத்ததில் பாதி அவருடையது. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அடுத்த வருஷங்களுக்கு உதவித்தொகை கிடைத்தது. லீவு விட்டபோதெல்லாம் கடையில் நின்றேன். தாமதமாக வந்தால் அப்போதும் கழித்தல் உண்டு. நெல் அறுத்த வயலில் உளுந்து விளையும் பருவத்தில், அம்மா கூலியாக வந்த உளுந்தில் ஒரு பை எடுத்துக்கொண்டுபோய் அவர்கள் வீட்டில் வைப்பாள். எதற்கு என்று அவர்கள் கேட்டதில்லை. பையைக் காலி செய்து மடித்துக் கொடுப்பார்கள். ஒருமுறை அண்ணி மட்டும், “போன வருச உளுந்து நல்லா உப்புச்சு, வடைக்கு” என்றார். அம்மா அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது நான் மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸ். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் போன பிறகு, அண்ணியின் கூரைக்குத் தளம் போட்டுத் தரட்டுமா என்று தயங்கிக் கேட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். “நல்ல ஆளா கூட்டியா. சிமெண்ட்ல மண்ண கலக்கறவன கூட்டியாந்தா பாரு” என்றார். அவ்வளவுதான். வாங்கிக்கொள்வது எப்படி என்று அம்மாவுக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

கடை இப்போது அண்ணனின் மருமகன் கையில். செல்போனைக் காட்டிப் பணம் கட்டுகிறார்கள். மேசைமேல் இருக்கும் சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி, பணம் வந்துவிட்டது என்று குரல் கொடுக்கிறது. அண்ணன் வீட்டில் இருக்கிறார். விடுப்பு அமைகிற ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் இருவருக்கும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பேன். கிளம்பும்போது அவர் சட்டைப்பையைத் துழாவி, வில்லியனூரிலிருந்து என் வீட்டுக்குப் போகும் பஸ் கட்டணத்தைச் சரியாக எடுத்து நீட்டுவார். ஒரு ரூபாய் கூடவும் இருக்காது. ஆரம்பத்தில் மறுத்துப் பார்த்தேன். முகம் சுருங்கிப் போனது. அதற்கப்புறம் மறுப்பதில்லை.

அவர் கொடுத்தது என்று அதை நான் பத்திரப்படுத்துவதும் இல்லை. பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் அதைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த நிறுத்தத்தில் ஏறுகிற யாருக்கோ சில்லறையாகத் திருப்பித் தருகிறார். ஜன்னலோரம் உட்கார்ந்தபடி அது கைமாறிப் போவதைப் பார்த்துக்கொண்டு வருவேன்.