நான் திருப்பி அனுப்பிய மூவர்

பர்மா சண்டையிலிருந்து திரும்பிய என் கணவர் யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். சந்தை நாளில் மட்டும், அவருடன் பட்டாளத்தில் இருந்த மூன்று பேர் கம்பைநல்லூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருவார்கள். கண்ணெதிரே செத்தவர்களைப் பற்றி நால்வரும் பேசுவார்கள். சில சமயம் அழுவார்கள். அன்று மட்டும் இவர் வயிறாரச் சாப்பிடுவார்.

"ஆம்பளைங்க கூடி அழுவறது வூட்டுக்கு ஆவாது. வர வேணாம்னு சொல்லிடும்மா" என்றார் மாமனார். ஊரும் சிரித்தது. வெட்கப்பட்டு நானே அவர்களைத் திருப்பி அனுப்பினேன்.

மூன்றாம் வாரம் இவரைக் காணவில்லை. தேடிப் போனால், கிணற்றுக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். தோளைப் பிடித்து இழுத்தேன்.

"அவங்ககிட்டதான் சொல்ல முடிஞ்சுது. அதையும் நிறுத்திட்டியே" என்றார்.

ஊர்ச் சிரிப்புக்குப் பயந்து ஓர் உயிரைக் கிணற்றடி வரை துரத்தியிருக்கிறோம். அதற்குத் துணைபோன என்மேல் இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

மறுநாளே நடந்துபோய் மூவரையும் அழைத்து வந்தேன். இப்போது சந்தை நாளில் நானே பாய் விரிக்கிறேன். சென்ற வாரம், "நீயும் கேளு" என்று இவர் என்னையும் உட்கார வைத்தார். மாமனார் முணுமுணுத்தார்.

"அவங்க வர்லீன்னா உங்க மவன் இல்லீங்க மாமா" என்றேன்.