படையலில் வைத்த சுருட்டு

அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் என்னை மச்சான் என்பார். எங்களுக்குள் வயது வித்தியாசம் அதிகமில்லை. கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர் அவர். உடம்பில் சர்க்கரை ஏறியதும் வேலையை விட்டுவிட்டு, கடலூர் முதுநகரில் ஒரு வீட்டை வாங்கி உட்கார்ந்துவிட்டார். நான் சிதம்பரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பஸ் ஏறினால் சாயங்காலம் அவர் வீட்டு மொட்டை மாடியில் இருப்பேன். மாதத்தில் ஒன்றிரண்டு ஞாயிறு அங்கே நாங்கள் ஆளுக்கொரு சுருட்டுப் பிடிப்போம். புகையிலை உடம்புக்குக் கேடு என்று புதிதாக யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைச் சொல்லவே சிதம்பரத்தில் ஒரு மனைவியும் கடலூரில் ஓர் அக்காவும் இருந்தார்கள்.

முதல் தடவை அவர் அந்த மரப்பெட்டியைத் திறந்து காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் சுருட்டு என்றால் முனீஸ்வரனுக்கு. பொங்கல் வைத்து, கோழி அறுத்து, சாராயத்தோடு ஒரு சுருட்டைக் கொளுத்திச் சாமி முன்னால் வைப்பார்கள். அதைப் பட்டுத்துணியில் சுற்றாத குறையாக ஒரு மனிதர் எடுத்து, காதருகே வைத்து உருட்டிப் பார்த்து, முகர்ந்து, தலைப்பகுதியைக் குட்டிக் கத்தியால் வெட்டி, தீக்குச்சி நெருப்பில் அடியைச் சுற்றிச் சுற்றி வாட்டுவதைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? பெண் பார்க்கும் சடங்கா என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"புகைய முழுங்கிடாத. வாய்ல வச்சிருந்துட்டு விட்டுடு. மெதுவா மச்சான், மெதுவா" என்றார்.

நான் சிகரெட் பிடிக்கிற அவசரத்தில் இழுத்தேன். நாக்கு எரிந்தது. பத்திக் குச்சியைக் கடித்தது போல ஒரு கசப்பு. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அதை வைத்துவிட்டேன். பேசிக்கொண்டிருந்துவிட்டு, அணையப் போகிறதே என்று மறுபடி எடுத்து, இந்த முறை மெதுவாக இழுத்தபோதுதான் அது தன் முகத்தைக் காட்டியது. எனக்குத் தெரிந்த வாசனை அது. முந்திரிக்கொட்டை சுடுகிற வாசனை. பண்ருட்டியிலிருந்து காடாம்புலியூர் பக்கம் போகும்போது பஸ் ஜன்னலில் வருமே, அது. அந்த எண்ணெய்க் காரலைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் வைத்தது போல இருந்தது. மாமாவுக்குச் சொந்த ஊரே காடாம்புலியூர்தான். உலகமெல்லாம் சுற்றிவிட்டு இவர் இந்தப் புகையிலையில் வந்து விழுந்ததற்குக் காரணம் அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

அவருக்கு மிகவும் பிடித்தது நடுத்தரத்தைவிடக் கொஞ்சம் கனமான ஒரு வகை. இன்னும் கப்பலில் இருக்கிற சிநேகிதர் ஒருவர் ஊருக்கு வரும்போது கொண்டுவந்து கொடுப்பார். கனம் என்றால் காரம் என்று நான் நினைத்திருந்தேன். அது வேறு, இது வேறு. காப்பியில் முதல் டிக்காஷனுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசம்தான் கனம். வாயில் அது உட்காரும். அதே சமயம் எதுவும் எதையும் மிதித்துக்கொண்டு நிற்காது. நல்ல ரசத்தில் புளி எது, மிளகு எது என்று தனித்தனியாகத் தெரியாதில்லையா, அப்படி. தொடக்கத்தில் லேசாக மிளகும் முந்திரியும் வரும். பாதியில் சிக்கரி கலக்காத காப்பியும், புதுச் செருப்பைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது வருகிற தோல் வாசனையும். கடைசிப் பகுதியில் வெல்லப்பாகு அடிபிடிக்கப்போகிற நேரத்து இனிப்பும், முதல் மழை விழுந்த செம்மண்ணும் வரும். அதற்குமேல் பிடிக்கக் கூடாது. மாமா அப்படியே கீழே வைத்துவிடுவார். நசுக்க மாட்டார். அது பாட்டுக்கு அணையட்டும் என்பார்.

அந்தப் பெட்டியை அவர் வீட்டில் எதன் பக்கத்திலும் வைக்க விடமாட்டார். பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதன் வாசனையை இந்த இலை இழுத்துக்கொள்ளும். ஒருமுறை அக்கா அலமாரியைத் துடைக்கும்போது பெட்டியைப் பெருங்காய டப்பா பக்கத்தில் வைத்துவிட்டாள் என்று அவர் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்காரர்களை எட்டிப் பார்க்க வைத்தது.

அக்காவுக்கு இந்த நாற்றமே ஆகாது. ஆனாலும் நாங்கள் பிடிக்கும் நேரத்தில் அவளும் கீரையோ பூவோ எடுத்துக்கொண்டு மாடிக்கு வருவாள். வந்ததும் முந்தானையைக் காற்றில் பிடித்துப் பார்த்து, கடல் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போடுவாள். பெரும்பாலும் எங்களுக்குக் கிழக்கே. காற்று திரும்பினால் அவளும் எழுந்து திரும்புவாள். ஒரு சாயங்காலத்தில் மாடி முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிவிடுவாள். மாமா அதைப் பார்த்துக்கொண்டே புகை விடுவார். கல்யாணமான நாளிலிருந்து அவர்களுடைய சண்டை, சமாதானம் எல்லாம் இந்த மாதிரிதான். வாயைத் திறந்து பேசிக்கொண்டது குறைவு.

போன மாசி மாதத்தில் டாக்டர் அவருடைய இதயம் சரியில்லை, சுருட்டை அடியோடு விட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது பெட்டி காலியாக இருந்தது. கடைசியாக இருந்த ஒரு சுருட்டை அக்கா எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள். மாமா அலமாரியெல்லாம் தேடினார். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் கேட்கவுமில்லை, அவள் சொல்லவுமில்லை. கடைசியில், "சரி, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்து வெறும் கையோடு உட்கார்ந்தார். அக்கா செய்ததில் தப்பே கிடையாது. ஆனால் அன்றைக்கு எனக்கு அவள் மேல் எரிச்சலாக இருந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுத்து வைத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு அவர் அவளிடம் பேசவில்லை. தன் தோப்பில் முந்திரி பூத்திருக்கிறதா என்று பார்க்க அந்த வாரப் புதன்கிழமை காலையில் காடாம்புலியூருக்குக் கிளம்பிப் போனார். போய்விட்டு வருகிறேன் என்றும் சொல்லவில்லை. தோப்பில் மரத்தடியில் விழுந்து கிடந்தவரை ஆட்கள் பார்த்தபோது உயிர் இல்லை.

அக்கா அழுததைவிட அவள் சொன்னதுதான் எங்களை உலுக்கியது. எல்லோரிடமும் அதையே சொன்னாள். கோபத்தோடு போய்விட்டார், பேசாமலே போய்விட்டார். டாக்டர் சொல்லித்தானே செய்தாய் என்று எத்தனையோ பேர் எடுத்துச் சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை.

காரியத்துக்கு முந்தைய சாயங்காலம் படையல் போட்டார்கள். தலைவாழை இலையில் அவருக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, பலாக்கொட்டைப் பொரியல், பக்கத்தில் வேட்டி துண்டு எல்லாம் படத்துக்கு முன்னால் வைத்தாயிற்று. அப்போது அக்கா உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து அந்தச் சுருட்டைக் கொண்டுவந்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது. நீயே கொளுத்தி வையிடா" என்றாள்.

சுருட்டின் தலையை வெட்டினேன். அடியை நெருப்பில் வாட்டினேன். அடுத்து வாயில் வைத்து இழுக்க வேண்டும். அங்கேதான் தடுமாறினேன். படைக்கிற பொருளை எச்சில் பண்ணக் கூடாது. தவிர, மாமாவின் சித்தப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார். பெரியவர்கள் முன்னால் நான் புகை பிடித்ததே கிடையாது. அதனால் முனீஸ்வரனுக்குச் செய்வது போல வெறுமனே நெருப்பில் காட்டினேன். ஓரம் சிவந்து லேசாகப் புகைந்தது. ஊதுபத்திக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். கற்பூரம் காட்டி, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம்.

கதவைத் திறந்ததும் அக்கா இலையைப் பார்க்கவில்லை. சுருட்டைத்தான் பார்த்தாள். அது வைத்த இடத்திலேயே அணைந்து கிடந்தது.

"தொடக்கூட இல்ல. எம் மேல கோவம் தீரல அவருக்கு" என்றாள்.

அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். இழுக்காவிட்டால் இது தானாக அணைந்துவிடும், நான் சரியாகப் பற்றவைக்கவில்லை என்று சொன்னேன். ஊதுபத்தி மட்டும் அணையவில்லையே என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அவள் கேட்டது என்னிடம் இல்லை. மரியாதை, எச்சில் என்று பார்த்துப் பார்த்து அவளை இன்னும் கொஞ்சம் உடைத்துவிட்டோமே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

சித்தப்பாதான் எழுந்து வந்தார். அவருக்கு முழங்கால் மடங்காது. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து சுருட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"படைச்சத வீணாக்கக் கூடாது. சோத்த நாங்க சாப்புடுறோம். இத மச்சான்காரன் நீ எடுத்துக்க" என்றார்.

வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். வெயில் இறங்கியிருந்தது. துறைமுகப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. மாமா உட்காருகிற நாற்காலியில் உட்காராமல் என் நாற்காலியிலேயே உட்கார்ந்து, திரும்பப் பற்றவைத்து, இந்தத் தடவை ஒழுங்காக இழுத்தேன். பற்றிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அக்கா ஏறி வந்தாள். கையில் கீரை இல்லை. பழக்கம் விடவில்லை போலிருக்கிறது, எனக்குக் கிழக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

முந்திரி வந்தது. மிளகு வந்தது. அவற்றுக்கு நடுவே இதுவரை நான் அறியாத ஒன்று இருந்தது. விரலில் ஒட்டிய ஊதுபத்தி வாசனை என்று முதலில் நினைத்தேன். அடுத்த இழுப்பிலும் இருந்தது. குளிர்ச்சியாக, ஈரமண் போல, மண்ணைவிட இனிப்பாக. சுருட்டு கெட்டுவிட்டதே என்று மாமாவைப் போலவே ஒரு கணம் கோபப்பட்டேன்.

"இத எங்க வச்சிருந்தக்கா?"

"பீரோல. கல்யாணப் பொடவ மடிப்புல."

"வெட்டிவேர் போட்டு வச்சிருக்கியா?"

"எப்பவும் போடுறதுதான். ஏன்?"

புடவைக்கு நடுவில் இத்தனை நாள் இருந்ததில் வெட்டிவேர் வாசனை புகையிலைக்குள் ஏறிவிட்டது என்று சொன்னேன். பெருங்காயத்துக்கு அவர் போட்ட சத்தம் அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் மாறியது. அதனால்தான் மாமா தொடவில்லை என்று நினைக்கப்போகிறாளோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. அவசரமாக இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது என்று இருந்தது. பொய் சொல்லத் தேவைப்படவில்லை.

"நல்லாருக்குக்கா. முந்திரியோட சேந்து போவுது. ஒண்ண ஒண்ணு அமுக்கல. மாமா இருந்தா கடைசி வரைக்கும் புடிச்சிருப்பாரு."

கீழே பாத்திரங்களை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. நான் விட்ட புகை மாமாவின் காலி நாற்காலியைத் தாண்டி மேற்கே போய்க்கொண்டிருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எனக்கு மேற்கே வந்து, புகை போகிற வழியில் போட்டு உட்கார்ந்தாள்.

"மெதுவாப் புடி" என்றாள்.