பால்டி வாத்தும் எங்கள் பிள்ளைகளும்

சிறப்புக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர்களுக்கு முதலில் தொண்டை போகும், அப்புறம் இடுப்பு போகும், பொறுமை மட்டும் போகவே கூடாது என்று ஊர் எதிர்பார்க்கும். இதே தொழிலில் இருக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்களும் இப்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இதைப் படிப்பீர்கள்.

நான் இருப்பது அந்தமானில், போர்ட் பிளேரில், மின்னி பே பக்கம் ஒரு சின்ன மையத்தில். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் எங்களிடம் வருவார்கள். டாக்டர் இங்கிலீஷில் சொல்லி அனுப்பியதை அப்பா அம்மாவுக்குப் புரிகிற மாதிரி தமிழிலோ ஹிந்தியிலோ சொல்கிற வேலையும் என் தலையில்தான் விழும். சிலர் அழுவார்கள். சிலர் என்னைத் திட்டுவார்கள். இரண்டுக்கும் பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

புது அட்மிஷன்

எங்கள் மையத்தில் பிள்ளைகள் காத்திருக்கிற அறையில் ஒரு டிவி உண்டு. அதில் 'பால்டி' என்று ஒரு கார்ட்டூன் ஹிந்தியில் ஓடும். பால்டி என்றால் வாளி. எங்கே போனாலும் ஒரு மஞ்சள் வாளியைத் தூக்கிக்கொண்டு போகும் வாத்துக்கு அதுவே பெயராகிவிட்டது. தீவில் அதைப் பிடிக்காத பிள்ளை கிடையாது. பையில் வாத்து, குடையில் வாத்து, டிபன் டப்பாவில் வாத்து.

ஒரு மத்தியானம், ஒரு பிள்ளையோடு மல்லாடி முடித்து, நாற்காலியில் சாய்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை, எழுந்திருக்கத் தெம்பில்லை. வாத்து தினமும் ஒரே வழியில்தான் குளத்துக்குப் போகிறது. வழியில் ஒரு கல் இடம் மாறியிருந்தால் திரும்பி வீட்டுக்கே போய்விடுகிறது. நத்தை ஓடுகளைச் சின்னது பெரியது என்று வரிசையாக அடுக்குகிறது. யாராவது கேள்வி கேட்டால் அந்தக் கேள்வியையே திருப்பிச் சொல்கிறது. இடி இடித்தால் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காலையிலிருந்து நான் பார்த்ததெல்லாம் அப்படியே திரையில் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் உதவியாளர் ரீத்தா தீதி பெங்காலிக்காரர், தீதி என்றால் அக்கா. எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசக் கற்றுக்கொண்டவர். துடைப்பத்தைப் பிடித்தபடி அவரும் நின்று பார்த்தார். பிறகு சொன்னார்: "மேடம், இது நம்ம செண்டர் பச்சா, நம்ம பிள்ளைதான். அட்மிஷன் போட்டுடலாமா?"

வாத்துக்குத்தான் ஏதோ இருக்கு

அன்றிலிருந்து வாத்து எனக்கு உதவிக்கு வந்தது. படம் வரைந்தவர்கள் என்ன நினைத்து வரைந்தார்களோ, எனக்குத் தெரியாது. ஆனால் "உங்கள் பிள்ளைக்கு ஆட்டிசம்" என்று ஆரம்பித்தால் காதை மூடிக்கொள்கிறவர்கள், "பால்டி பார்ப்பீங்களா?" என்று ஆரம்பித்தால் சிரித்துக்கொண்டே கேட்டார்கள்.

முருகேசன் என்று ஒரு காண்ட்ராக்டர். பரமக்குடிக்காரர், பத்துபஸ்தியில் வீடு. ஏர்போர்ட் பக்கத்திலேயே இருப்பதால் விமானம் இறங்கும்போதெல்லாம் அவர் மகள் கயல் தலையணையைத் தலைமேல் போட்டுக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். ஆறு வயது. தேவையானதைக் கேட்க அவளுக்குச் சொல் வராது, அப்பாவின் கையை இழுத்துப் போய்க் காட்டுவாள். டாக்டர் சொன்னதை முருகேசன் காதில் வாங்கவே இல்லை என்று அவர் மனைவி செல்வி என்னிடம் அழுதிருந்தார்.

நான் அவரை உட்காரவைத்து வாத்தைப் பற்றிப் பேசினேன். அது ஏன் வாளியைக் கவிழ்த்துக்கொள்கிறது, ஏன் ஒரே வழியில் போகிறது, கயல் ஏன் தலையணையைத் தேடுகிறாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எனக்கே என் பேச்சு பிடித்திருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பைக் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "என் பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். நீங்க சொல்றதப் பாத்தா அந்த வாத்துக்குத்தான் ஏதோ இருக்கு."

ரிமோட்

கயல் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வந்தது. மணி அடித்தால் கத்துகிறாள், வரிசையில் நிற்பதில்லை, வேறு இடம் பாருங்கள் என்று. செல்வி கெஞ்சியதால் நான் போனேன். வகுப்புச் சுவரெல்லாம் காகித வாத்துகள், ஒவ்வொன்றும் கையில் மஞ்சள் வாளியோடு. வகுப்பு டீச்சர் நல்லவர், இளம் பெண், மதுரைப் பக்கம். அந்த வாத்துகளை வெட்டி ஒட்டியதே அவர்தான்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பாருங்க மேடம், இந்த வாத்து செய்யறதத்தான் கயலும் செய்யறா. இதைச் சுவத்துல ஒட்டியிருக்கீங்க, அவள வெளிய அனுப்பணும்னு சொல்றீங்களே" என்றேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. வகுப்பு நிறைய இருந்த பிள்ளைகளைக் காட்டினார். உதவிக்கு ஓர் ஆயா கூடக் கிடையாது. அவர் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் என் கண்ணாடியில் நான் தினமும் பார்ப்பது. அவர் மெதுவாகச் சொன்னார்: "வாத்து அடம் பிடிச்சா ரிமோட்ட அமுக்கிடலாம் மேடம். கயலுக்கு நான் எந்தப் பட்டன அமுக்கறது?"

ஒரே சிரிப்பா?

அந்தச் சமயத்தில் ஒரு முகாமுக்காக நிக்கோபார் பக்கம் உள்ள கட்சால் தீவுக்குப் போனோம். அது நான் பிறந்த இடம். சிலோன் மலைத் தோட்டங்களிலிருந்து வந்து ரப்பர் வெட்டப் போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கப்பலில் வாந்தி எடுத்துப் போய் இறங்கி, அன்று முழுக்கப் பேசி, கடைசியில் போனைத் திரையோடு இணைத்துக் கூட்டத்துக்குப் பால்டியைப் போட்டுக் காட்டினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு பாக்கியம் என்ற அம்மா வந்தார். ரப்பர் பால் கறை படிந்த கை. கூட அவர் மகன், முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அவன் யாரையும் பார்க்காமல், கீழே கிடந்த ரப்பர் கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். சின்ன வயதில் பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலை அடித்தார்களாம். லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் கல்லெறிவார்களாம். அந்த அம்மாவுக்கு என்மேல் கோபம் ஒன்றும் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் போனை அணைத்துப் பைக்குள் வைத்தேன். அவர் கேட்டது இதுதான்: "எம்மவனப் பாத்தும் இப்புடித்தான் சனம் சிரிச்சிச்சு டீச்சரம்மா. ரெண்டும் ஒரே சிரிப்பா?"

கப்பல் போன பிறகு

நான் திரும்பி வந்தபோது கயலைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தார்கள். முருகேசன் அவளைக் கப்பலில் மெயின்லாண்டுக்குக் கூட்டிப்போய், பரமக்குடியில் அவர் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வர முடிவு செய்திருந்தார். "அங்க தோட்டத்து வீடு டீச்சர், யார் கண்ணுலயும் படாம வளரட்டும்" என்று போனில் சொன்னார். பின்னால் செல்வி அழுகிற சத்தம் கேட்டது. எனக்கு வாதாடத் தோன்றவில்லை. வாத்தைப் பற்றிப் பேசுகிற தைரியமும் கட்சாலிலேயே போயிருந்தது.

கப்பல் புறப்பட்ட மறுநாள் காலை முருகேசன் கயலோடு எங்கள் வாசலில் நின்றார். சட்டையெல்லாம் அழுக்கு. நடந்ததை அவரே சொன்னார். ஹாடோ கப்பல்துறையில் ஏறப்போகும் நேரத்தில் கப்பல் சங்கு ஊதியது. கயல் தரையில் விழுந்து புரண்டு கத்தினாள். சுற்றிலும் கூட்டம். அடம் பிடிக்கிறது, ரெண்டு போடு என்று ஹிந்தியில் ஒருவர், தண்ணீர் தெளி என்று தமிழில் ஒருவர். தூக்கப் போனால் கடித்தாள். இவரும் அடிக்கக் கையை ஓங்கிவிட்டாராம்.

"அப்பத்தான் அந்தத் தவளை ஞாபகம் வந்துச்சு டீச்சர்" என்றார். மகளோடு உட்கார்ந்து அந்தக் கார்ட்டூனை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வாத்து வாளியைக் கவிழ்த்துக்கொண்டால் அதன் சிநேகிதத் தவளை ஒன்றும் பேசாது, பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இவரும் தன் சட்டையைக் கழற்றி அவள் தலைமேல் போட்டுவிட்டு, பனியனோடு துறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டார்கள், போகவில்லை. கப்பல் ஏணியைத் தூக்கினார்கள், பெட்டியெல்லாம் கப்பலோடு போனது. வெகுநேரம் கழித்துக் கயல் சட்டைக்குள்ளிருந்து கையை நீட்டி அவர் விரலைப் பிடித்துக்கொண்டாளாம்.

சொல்லி முடித்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "டாக்டர் சொன்னத இப்ப நீங்க சொல்லுங்க டீச்சர். வாத்த விட்டுட்டுச் சொல்லுங்க." சொன்னேன். ஆட்டிசம் என்றால் என்ன, என்ன மாறும், என்ன மாறாது, அவள் ஏன் அவர் விரலைத் தேடினாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவே இல்லை, அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. ரீத்தா தீதி டீ கொண்டுவந்து வைத்தார், ஆறிப்போனது. கடைசியில் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தார். "சரி டீச்சர். நாளைக்கு எத்தனை மணிக்குக் கூட்டிட்டு வரணும்?"

ஆக, ஒரு வாத்தை நேசிக்க யாருக்கும் பயிற்சி தேவைப்படுவதில்லை, மனுஷப் பிள்ளை என்று வரும்போதுதான் ஆளுக்கொரு டீச்சர் வேண்டியிருக்கிறது என்பதால், நம் பிழைப்பு இப்போதைக்கு ஓடும்.