வெயிலுக்கு விட்ட இடம்

நேற்று மகள் என் காபி டம்ளரில் பிரஷ்ஷை முக்கிவிட்டாள். எனக்குக் கோபமே வரவில்லை. நான் வளர்ந்த வேங்கிக்கால் வீட்டில் அப்பாவின் டீயில் நான் முக்கியெடுத்த பிரஷ்கள் எத்தனையோ. ஒருமுறை அவர் தெரியாமல் குடித்தும்விட்டார். அவள் தாளிலிருந்து வந்த ஈர வாசனைதான் என்னை எங்கள் ஊர் அய்யங்குளத்துப் படியில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

படிப்பு முடிந்து, வாட்டர்கலரே கதி என்று நான் திரிந்த காலம். ஆசிரமம் பக்கம் புதிதாக கெஸ்ட் ஹவுஸ் கட்டியவர் வரவேற்பறைக்கு ஒரு பெரிய படம் கேட்டார். குளம், கரைக்கோயில் கோபுரம், பின்னால் மலை. "இதுவும் சரிவரலைன்னா பேங்க் பரீட்சைக்குப் படிம்மா" என்று அப்பா சொல்லியிருந்தார்.

விடியும்போதே போய் உட்கார்ந்துவிடுவேன். சூரியன் வந்ததும் கோபுரத்தின் ஒரு பக்கம் சட்டென்று வெளுக்கும். அந்த வெளுப்பு அப்படியே தண்ணீரில் இறங்கும். கொஞ்ச நேரந்தான். முதல் சில தாள்களில் மலை சரியாக அமையவில்லை, துணி துவைக்க வந்த ஒரு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இட்லியாம்மா?" என்றார். கடைசியில் ஒரு நாள் கை தயங்கவில்லை. வெளிச்சம் பட்ட இடத்தையெல்லாம் வெறும் தாளாகவே விட்டு, நிழலை மட்டும் தீட்டினேன். தள்ளி நின்று பார்த்தேன். வந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

கெஸ்ட் ஹவுஸ்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"நடுவுல கலர் அடிக்காம விட்டுட்டியேம்மா?"

"அது விட்டதில்லீங்க. வெயிலு."

"வெள்ளைக்காரங்க வர்ற இடம். மஞ்சள் ஜாஸ்தி பண்ணி, படியில ரெண்டு சாமியாரைப் போட்டுக் குடேன்."

"போட்டா படம் கெட்டுடும்ங்க. வேணாம்னா எடுத்துட்டுப் போறேன்" என்று படத்தைத் தூக்கினேன்.

உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏங்க, காலையில நம்ம குளம் இப்படித்தாங்க இருக்கும். நீங்க என்னைக்கு அந்நேரத்துக்கு எழுந்திருச்சீங்க?"

அவர் சிரித்துவிட்டார். படம் அன்றே சுவரேறியது. பிறகு அப்பா தனியாகப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அதோடு பரீட்சைப் பேச்சை விட்டுவிட்டார். இன்றுவரை பிரஷ்தான் எனக்குச் சோறு போடுகிறது.

சென்ற மாதம் அந்தப் படிக்குப் போனேன். குளம் முன்பைவிடச் சுத்தமாக இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் கிழக்கே லாட்ஜுகள் மாடி மாடியாக எழும்பிவிட்டன. கோபுர உச்சிக்கு மட்டும் காலை வெயில் வருகிறது. தண்ணீருக்கு வந்து சேர்வதற்குள் அது வெறும் பகலாகிவிடுகிறது.