கணவாய்க்கு என்ன நிறம்?

கிளீட்டஸ் நீண்டகரைத் துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிறவர். வெண்கலத் தொண்டை. ஆனால் படகில் ஏறினால் வயிறு புரட்டிவிடும். அதனால் வாழ்க்கை முழுக்கக் கரையோடு சரி. வந்து இறங்குகிற மீனின் கண்ணைப் பார்த்தே அது எப்போது பிடித்தது என்று சொல்லிவிடுவார்.

இப்போது அவருக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். ஞானஸ்நானம் ஆகாததால் இன்னும் பெயர் இல்லை, எல்லோருக்கும் 'வாவ', அதாவது பாப்பாதான். ஏலம் முடிந்தால் கிளீட்டஸ் டீக்கடைப் பக்கம்கூடத் திரும்புவதில்லை. நேரே வீட்டுக்கு வந்து, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, அவள் பாதத்தை மோந்து பார்த்தால்தான் அவருக்குப் பொழுது விடியும். மீன் நாற்றம் இன்னும் போகவில்லை என்று மனைவி பிரிஜித் விரட்டுவாள்.

பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ஷெரின், போனில் ஒரு ஓவியக் குழுவில் சேர்ந்திருந்தாள். ஒவ்வொரு முறையும் ஒரு எழுத்து, அந்த எழுத்தில் தொடங்கும் ஒரு கடல் உயிர். நோட்டில் வரைந்து, படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். கெடு தவறினால் அந்தப் பக்கம் காலிதான். எல்லா எழுத்தும் முடிந்தபின் நோட்டு வாவவுக்கு. 'க' வந்த நேரம் பார்த்து வாவ இரவெல்லாம் அழுது தீர்த்துவிட்டாள். ஷெரினுக்குத் தூரிகை பிடிக்கத் தெம்பில்லை.

"கணவாதானே? குடு, நான் போட்டுத் தர்றேன்" என்றார் கிளீட்டஸ்.

"நீங்களா? பத்திரிகை படத்துக்கு மீசை வரையறத தவிர நீங்க எதுவும் வரைஞ்சு நான் பாத்ததில்லையே அப்பா."

"கணவாய என்னைவிட எவன் பாத்திருக்கான்?"

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு வரைந்தார். வெள்ளை உடம்பு, முன்னால் நீண்ட கைகள், ஓரத்தில் கொஞ்சம் மை. பிரிஜித் எட்டிப் பார்த்தாள்.

"அட, நல்ல கணவா! தேங்காக் கொத்து போட்டு வறுத்தா ஒரு குண்டான் சோறு போகும்."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. நோட்டை மகளிடம் நீட்டினார். ஷெரின் முதலில் சிரித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அப்பா, இது செத்துக் கெடக்குது."

அவர் குனிந்து பார்த்தார். ஒருக்களித்த உடம்பு. துவண்ட கைகள். மங்கிய கண். போதாக்குறைக்கு, பழக்க தோஷம், பக்கத்தில் ரெண்டு ஐஸ் துண்டு வேறு வரைந்து வைத்திருந்தார்.

"எம் பேத்தி மொத மொதல்ல பாக்கப்போற கணவா செத்ததா?"

"நாளைக்கு ராத்திரி வரைக்கும் நேரம் இருக்குப்பா."

மறுநாள் ஏலத்துக்கு நடுவே படகுக்காரர்களை நிறுத்திக் கேட்டார். "டேய், உசுரோட இருக்கும்போது இது என்ன நெறம்டா?"

"தவிட்டு நெறம்ணா" என்றான் ஒருவன். "இல்ல, வரி வரியா இருக்கும்" என்றான் இன்னொருவன். "கோவம் வந்தா கறுத்துரும்" என்றான் மூன்றாமவன். மூவரும் சேர்ந்து தன்னைக் கேலி செய்கிறார்கள் என்றே அவர் நினைத்தார்.

தெருவில் விற்க மீன் எடுக்க வந்த லுத்தினா கூடையைக் கீழே வைத்துவிட்டாள். "ஏலக்காரருக்குக் கணவா தெரியாதாம்! இத்தனை வருசமா என்னத்தண்ணா கூவி வித்தீங்க?"

சாயங்காலம் தங்கசேரிக்குப் போனார். அங்கே கடலுக்குள் கல்லைக் கொட்டி நீட்டியிருக்கும் அலைத்தடுப்பில் அவருக்குத் தெரிந்த ரூபன் தூண்டில் போடுவான். இறால் மாதிரிச் செய்த பொய் இரைக்குக் கணவாய் ஏமாறும்.

"அண்ணனுக்கு அலையப் பாத்தாலே வாந்தி வருமே!"

"வந்தா வரட்டும். நீ பிடி."

ரூபன் ஒன்றைப் பிடித்து, கடல்தண்ணீர் நிறைந்த வாளியில் விட்டான். கிளீட்டஸ் ஆசையாகக் குனிந்தார். சளக்கென்று ஒரே மை. வாளியே கறுத்துவிட்டது.

"அதுக்கு உங்க மூஞ்சி பிடிக்கலண்ணா."

தண்ணீரை மாற்றினார்கள். இப்போது அது அந்தரத்தில் நின்றது. உடம்பைச் சுற்றிய சவ்வு பாவாடைக் கரைபோல நெளிந்தது. தவிட்டு நிறத்தில் வரிகள் ஓடின. ஊதா வந்து போனது. ஒன்றைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்தது வந்தது. அந்த மூன்று பேரும் உண்மையைத்தான் சொல்லியிருந்தார்கள்.

நெளிநெளியான கண்மணியோடு அது அவரையே பார்த்தது. எத்தனையோ மீன் கண் பார்த்து விலை வைத்தவர். திரும்பி அவரைப் பார்த்த கண் இதுதான் முதல்.

"ரூபா, இத விட்டுருடா."

"விடவா? இன்னைக்கு எங்க வீட்டுக் கறியே இதுதாண்ணா!"

"நாளைக்கு உன் வீட்டுக் கறி என் பொறுப்பு. விடுடா."

பாறை ஓரத்தில் விட்டதும் அது காணாமல் போனது.

"ஓடிருச்சா?"

"எங்க ஓடுச்சு? உங்க காலுக்கு நேரே கல்லோட கல்லா ஒட்டியிருக்கு, நல்லா பாருங்க."

பார்த்தார், பார்த்தார், இருட்டும் வரை பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. வாந்தி வரவில்லை என்பதே பஸ்ஸில் ஏறியபிறகுதான் ஞாபகம் வந்தது.

வீட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினார். முதலில் தாளை நனைத்தார். அது காய்வதற்குள் தவிட்டு நிறத்தைத் தொட்டுவைத்தார், அதன்மேல் ஊதா. இரண்டும் தன்னிஷ்டத்துக்கு ஓடின. ஓடட்டும் என்று விட்டுவிட்டார். சவ்வுக்குக் கோணல்மாணலாக ஒரு கரை. கடைசியில் கண்.

பிரிஜித் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தாள். மலைமலையாகக் கணவாய் கழுவி அறுத்த கை அவளுடையது. நோட்டின் மேல் குனிந்தாள்.

"என்ன, வறுத்துரலாமா?" என்றார்.

அவள் விரலைத் தாளருகே கொண்டுபோனாள். சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வேணாம், வேணாம். மொறைக்குது. மேல மைய பீச்சிரும்."

குழுவுக்குப் படம் எடுக்க ஷெரின் போனைத் தூக்கினாள்.