பாதாம் பால் பாட்டிலில் தோல் பூச்சு

1. ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். கேன்டீன் ஃபிரிட்ஜ் முழுக்கக் குளிர்பானங்கள் என்பதால், வாங்கிய பாதாம் பாலை ஆய்வக ஃபிரிட்ஜில் வைத்தேன்.
2. அதேபோன்ற காலி பாட்டிலில், தோலுக்கு அடிக்கும் மஞ்சள் பூச்சின் சாம்பிளை ஊற்றி, தோழி ஷபானாவும் அங்கேயே வைத்திருந்தாள்.
3. மதியம் நான் எடுத்தது அவளுடையதை.

திருகியபோது, புது மூடி திறக்கும் 'டிக்' சத்தம் வரவில்லை. வாய்வரை போன கை நின்றது. முகர்ந்தால் அம்மோனியா நெடி.

"இன்னாடி இது?"

ஷபானா ஓடிவந்தாள். "அல்லா! குடிச்சிட்டியா?"

"குடிச்சிருந்தா உள்ளாற பாலிஷ் ஆயிருப்பேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டிலை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

இப்போது காலி பாட்டிலை உடனே நசுக்கிவிடுகிறோம். மூடி திறக்கும் அந்த 'டிக்' சத்தம் கேட்காமல் எதையும் நான் குடிப்பதில்லை. ஆய்வக ஃபிரிட்ஜில் இன்று குடிக்கிற பொருள் ஒன்றுகூடக் கிடையாது.