ஆடும் பலகையும் ஒரு வாய் உவர்த்தண்ணீரும்

மகள் சறுக்கியதால் நான் கத்தினேனா, நான் கத்தியதால் அவள் சறுக்கினாளா? எது முதலில் நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நடந்த இடம் நெடுந்தீவு இறங்குதுறை, சித்திரை விடுமுறையில். என் கணவர் தெற்கே ஒரு நகரத்தில் சுருட்டுக்கடை வைத்திருக்கிறார். வருடத்தில் ஒருமுறை, தைப்பொங்கலுக்கு மட்டும் ஊருக்கு வருவார். இந்தத் தைக்கு அதுவும் முடியாமற்போக, "பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு நீர் வாரும்" என்று எழுதியிருந்தார். எட்டு வயது மகள் துறைக்கும் வள்ளத்துக்கும் இடையே போட்ட பலகையில் பாதி தூரம் போனபோதுதான் அது நடந்தது. செருப்பு கடலில் விழுந்தது. வள்ளக்காரர் அவளைப் பிடித்துத் துறையில் விட்டார். அதன்பிறகு அவள் பலகையில் கால் வைக்கவும் இல்லை, யாரும் தூக்கிப்போக விடவும் இல்லை. வள்ளம் எங்களை விட்டுவிட்டுப் போனது. தகப்பனுக்கென்று கட்டிய பனங்கட்டியும், பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும் எங்களோடு வீட்டுக்குத் திரும்பின.

இந்தத் தீவிலிருந்து வெளியே போக அந்தப் பலகையை விட்டால் வேறு வழியில்லை. ஆவணி விடுமுறையிலும் அவள் மறுத்தால், அடுத்த தைக்குத்தான் தகப்பனைக் காண்பாள். இரண்டு வருடம் ஆகிவிடும். ஐந்து வயது மகன் ஏற்கெனவே சுவரில் இருந்த தகப்பனின் படத்தைக் காட்டி, "இவர் கதைப்பாரோ?" என்று கேட்கத் தொடங்கியிருந்தான்.

நான் எஸ்.எஸ்.சி. வரை படித்தவள். எதையும் கொப்பியில் வரைந்து பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் தடை ஓட்டம் வைப்பார்களே, அதை வீட்டுப் பின்வளவில் கட்டினால் என்ன என்று தோன்றியது. விளையாட்டென்று நினைத்துக்கொண்டே பலகையில் நடந்து பழகிவிடுவாள். வரைந்தேன், அழித்தேன், திரும்ப வரைந்தேன். கால் முறிந்தால் கணவருக்கு என்ன பதில் எழுதுவது என்றும் யோசித்தேன். ஒரு கிழமை அப்படியே போனது.

கடைசியில் கட்டினேன். முதலில், முருகைக்கல் மதிலின் இடிந்த மூலையில் ஏறி இறங்க வேண்டும். அடுத்தது, இரண்டு முருங்கைகளுக்கு இடையே தாழக் கட்டிய பழைய வலைக்குக் கீழே ஊர்ந்து போக வேண்டும். பிறகு கவிழ்த்து வைத்த பனையோலைக் கடகங்களைச் சுற்றி வளைந்து வளைந்து ஓட வேண்டும். முடிவில் நிலத்தில் கிடத்திய பனங்குற்றியின்மேல் நடந்துபோய், பூவரசங்கொப்பில் கட்டிய மாட்டு மணியை அடிக்க வேண்டும்.

பக்கத்து வளவு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவருக்கு நாலு பிள்ளைகள். ஒன்றுக்காவது அவர் பயந்து நான் கண்டதில்லை.

"உதென்ன, மாட்டுக்கோ பிள்ளைக்கோ?"

"பிள்ளையளுக்குத்தான் அக்கா. தடை ஓட்டம்."

"இஞ்சை பிள்ளையளுக்குத் தடை கட்ட வேணுமே? நீர் ஒராள் போதாதோ?"

எனக்கு முகம் சுட்டது. ஆனால் அன்று பின்னேரமே அவர் சொன்னது விளங்கியது. மகள் மதிலில் ஏறினாள். "மெதுவா! கல்லு ஆடும்! கையைப் பிடி!" என்று நான் கத்தினேன். அவள் இறங்கிவிட்டாள். திரும்ப ஏறினாள், நான் கத்தினேன், இறங்கினாள். அக்கா தலையில் கை வைத்தார்.

"வாய்க்குள்ளை ஒரு முடறு தண்ணியை வைச்சுக்கொண்டு நில்லும். பிறகு கத்த ஏலாது."

குடிதண்ணீர்ச் செம்பை எடுக்கப் போனேன். அக்கா மறித்தார். "நல்ல தண்ணியை ஏன் வீணாக்கிறீர்? அள்ளப் போற தூரம் தெரியாதே? உங்கடை கிணத்து உவரை வையும். விழுங்கவும் மனம் வராது!"

பிள்ளைகள் அதை விதியாக்கிவிட்டார்கள். அம்மா தண்ணீரைத் துப்பினால் அம்மாவுக்குத் தோல்வி. முதல் நாள் ஆறு தரம் தோற்றேன். மகன் ஒவ்வொரு தரமும் மணியை அடித்து ஊருக்கு அறிவித்தான். ஆனால் கிழமை முடியும்போது கன்னம் உப்பி, கண் பிதுங்கி, உவர்ப்பில் நாக்கு மரத்து நான் வென்றுகொண்டிருந்தேன். மகளும் பனங்குற்றியில் ஓடிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்தது என்று கணவருக்குக் கடிதம் எழுதினேன்.

தபாலில் போடுமுன் அதை மகளிடம் வாசித்துக் காட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அம்மா, பனங்குத்தி ஆடேல்லை. துறைப் பலகை ஆடும்."

இவ்வளவு வரைந்தவளுக்கு இது தெரியவில்லை! ஆவணியில் கடலைக் கொந்தளிக்க வைக்கும் சோளகக் காற்று வேறு. வள்ளம் ஏறி இறங்க, பலகையும் கூடவே ஏறி இறங்கும். கடிதத்தைக் கிழித்தேன். மாட்டுக்கொட்டிலில் கிடந்த பலகையின் ஒரு முனையை மதிலின் இடிந்த மூலையில் வைத்து, மறுமுனையைப் பூவரசங்கொப்பிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டேன். முழங்கால் உயரம்தான். கீழே வைக்கோல் பரப்பினேன். ஆனால் கடல் இல்லாத வளவில் அதை யார் ஆட்டுவது? நான்தான். என் பிள்ளையின் காலடியை என் கையாலேயே, வாயில் தண்ணீரோடு ஆட்டினேன். அவள் மூன்று தரம் வைக்கோலில் விழுந்தாள். மூன்று தரமும் என் கண்ணிலிருந்துதான் தண்ணீர் வந்தது, வாயிலிருந்து வரவில்லை. நாலாம் தரம் மணி அடித்தது.

அதன்பிறகு அவளே, "அம்மா, இன்னும் பலமா ஆட்டுங்கோ" என்றாள்.

ஆவணியில் துறைக்குப் போனபோது பனங்கட்டிப் பொதியோடு ஒரு போத்தல் உவர்த்தண்ணீரும் கொண்டுபோனேன். அக்காவும் வழியனுப்ப வந்திருந்தார். காற்றில் வள்ளம் குதித்தது. நான் ஒரு வாய் நிரப்பிக்கொண்டேன். வள்ளக்காரர் மகனைத் தூக்கி உள்ளே விட்டுவிட்டு, மகளிடம் கையை நீட்டினார்.

"வேண்டாம் அண்ணை. நான் வாறன்."

பலகை ஏறியது. அவள் நின்றாள். பலகை இறங்கியது. ஓரடி வைத்தாள். நடுவில் ஒருமுறை உடம்பு சாய்ந்தது. என் வாய் அசையவில்லை. அவள் கைகளை விரித்து, பூவரசின் கீழ் நின்றதுபோலவே நின்று, அடுத்த மூன்றடியையும் வைத்து வள்ளத்துக்குள் குதித்தாள். குதித்ததும், இல்லாத மணியைக் கையால் அடித்து "டாங்!" என்று கத்தினாள். துறையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா கை தட்டினார்.

"தங்கச்சி, நீங்களும் வாங்கோவன். ஏன் பேசாமல் நிக்கிறியள்?" என்றார் வள்ளக்காரர்.

"அம்மா, விழுங்கிப்போட்டு வாங்கோ!" என்றாள் மகள்.

விழுங்கினேன். அவ்வளவு ருசியான தண்ணீரை நான் குடித்ததில்லை. யார் கையையும் பிடிக்காமல் நானும் நடந்தேன். மறுநாள் கடை வாசலில், தகப்பன் வாயைத் திறந்து பேசியதும் மகன் தமக்கையின் கையை இழுத்துத் துள்ளினான்: "அக்கா, படம் கதைக்குது!"

இப்போது ஊருக்குத் திரும்பிவிட்டோம். பலகையை மதிலின் உச்சிக்கு உயர்த்தச் சொல்லி மகள் பிடிவாதமாய் நிற்கிறாள். அக்காவின் நாலு பேரும் அவள் பக்கம். உயர்த்துவதா, அவிழ்த்துவிடுவதா என்று கொப்பியில் இரண்டு பக்கம் எழுதியும் முடிவு வரவில்லை. எப்போது வாயில் தண்ணீரை வைத்திருக்க வேண்டும், எப்போது துப்பிவிட்டுக் கத்த வேண்டும்? பிள்ளை வளர்த்த அனுபவமுள்ளவர்கள் எனக்கு எழுதுங்கள். மகளிடம் சனிக்கிழமை வரைக்கும்தான் தவணை கேட்டிருக்கிறேன்.